மேஸ்திரி வீட்டம்மாவின் முதுகு

பூனையைக் கயிறு போட்டுக் கட்டி வளர்க்கப் பார்த்த ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி நீங்கள் ஏதாவது நல்ல எண்ணம் வைத்திருந்தால், அதை வேறொருவர் வந்து கெடுப்பதைவிட நானே கெடுத்துக்கொள்வதுதான் மரியாதை.

அப்போது ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். பதனிட்ட ஆட்டுத்தோல்களை மதராசுக்கு ரயிலேற்றும் வரை அடுக்கி வைக்கிற கிடங்கு. தோலுக்குப் புங்கெண்ணெய் தடவியிருப்பார்கள். நமக்குப் பிரியாணி வாசனை எப்படியோ, எலிகளுக்கு அந்த எண்ணெய் வாசனை அப்படி. ஒரு ஓரத்தைக் கொறித்தால் போதும், முதல் தரத் தோல் கழிவுத் தோலாகிவிடும். ஆகையால் கிடங்குக்குப் பூனைகள் உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்வதும் குமாஸ்தா வேலையில் சேர்த்தி.

"எலி ஜாஸ்தியாச்சுன்னா பூனையைக் கேக்கமாட்டேன். உன்னைத்தான் கேப்பேன்" என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்.

அங்கே சாம்பல் நிறத்தில் கோடு போட்ட பூனை ஒன்று இருந்தது. நான் அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்திருந்தேன். வந்துபோனார் என்று பிறர் சொல்லிக் கேட்கலாமே தவிர, கண்ணால் பார்க்க முடியாது. ஓடுகிற மாட்டைக் கட்டுகிறோம், ஓடுகிற பூனையைக் கட்டினால் என்ன என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. கருவாட்டுத் தலையை வைத்து ஆசை காட்டி, கோணியைப் போட்டு அமுக்கி, இடுப்பில் சணலைக் கட்டி, மறுமுனையைத் தராசுக் காலில் முடிந்தேன். அதற்கப்புறம் நடந்தது சரியாக நினைவில்லை. தராசு சாய்ந்தது. தோல் அடுக்கு சரிந்தது. கோணிக்குள் பூனை இருக்கவேண்டிய இடத்தில் நான் இருந்தேன்.

தோல்களைக் கட்டுப் போடுகிற காதர் பாய் ஓடிவந்து பார்த்து, "குமாஸ்தா, நீ பூனைக்குத் தோஸ்தா, துஷ்மனா?" என்றார். பதில் சொல்லவேண்டிய வாயில் கோணி இருந்தது.

அப்போது பின்கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "கயித்தை அறுத்துடு பாய். அறுத்துட்டு ரெண்டு பேரும் வெளிய வாங்க. அது பக்கம் பாக்காம வரணும்."

அப்படித்தான் எனக்கு அவரைத் தெரியவந்தது. பச்சைத் தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புத் தொட்டி மேஸ்திரியின் வீட்டம்மா. கிடங்கின் பின்சுவரும் அவர்கள் வீட்டு முற்றத்துச் சுவரும் ஒன்றேதான். நடுவில் ஒரு கதவு. மேஸ்திரிக்கு அவர் இரண்டாந்தாரம், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊருக்கு மேஸ்திரி வீட்டம்மா, எனக்கு அக்கா. அவரை நினைத்தால் முகம் உடனே ஞாபகத்துக்கு வருவதில்லை. முதுகுதான் வருகிறது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, ரவிக்கையில் வேறு நிறத்துணியால் ஒட்டுப்போட்டு, கோடாலி முடிச்சு ஒரு பக்கம் தொங்க, ஒரு மரப்பலகைமேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற முதுகு.

அன்று சாயந்தரமே அவர் கிடங்குக்குள் வந்து, தாசில்தார் ஒளிந்திருந்த, தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை மூட்டைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தார்.

"இன்னாக்கா பண்றீங்க?"

"அரிசி பொறுக்குறேன், தெரியல?"

"பூனை?"

"அதுவா வரட்டும்."

கூப்பிடக்கூடாது. முகத்துக்கு நேரே முறைத்துப் பார்க்கக்கூடாது. தப்பித்தவறிக் கண் பட்டுவிட்டால் மெதுவாக இமையை மூடித் திறக்கவேண்டும். உன்னை ஒன்றும் செய்யமாட்டேன் என்று அதற்குப் பூனை பாஷையில் அர்த்தமாம். இதைக் கேட்டுவிட்டு நான் கிடங்கு முழுக்கக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு திரிந்தேன். பட்டை இடிக்க வருகிற பெண்களில் ஒருத்தி தப்பாக நினைத்துக்கொண்டு உலக்கையைத் தூக்கினாள். பூனை பாஷையில் எனக்குக் கிடைத்த முதல் பதில் அதுதான்.

முக்கியமான சட்டம் இன்னொன்று இருந்தது. நான்கைந்து நாள் அப்படி முதுகைக் காட்டி உட்கார்ந்தால், ஒருநாள் அது பின்னால் வந்து மோந்து பார்க்கும். மூக்கு முதுகில் படும். அப்போது திரும்பவே கூடாது.

"அது நம்மகிட்ட வரலப்பா. நாம எப்படின்னு பாக்க வருது. அப்பத் திரும்பினா போச்சு. ஒரு மாசத்துக்கு அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது. மோந்து பாத்துட்டுப் போவட்டும். ரெண்டாந்தரம் வரும்போது திரும்பிக்கலாம்."

நான் திரும்பினேன். வேறு யார் திரும்புவார்? முதுகில் சில்லென்று மூக்குப் பட்டதும் "வந்துட்டாருக்கா!" என்று கூவிக்கொண்டே திரும்பினேன். தாசில்தார் ஓட்டைப் பிரித்துக்கொண்டு போகாத குறை. மறுபடி அது என் அருகில் வர மழைக்காலம் முடியவேண்டியிருந்தது. அக்கா திட்டவில்லை. அரிசி முறத்தை எடுத்துக்கொண்டு, "உனக்கு அவசரம் ஜாஸ்திப்பா" என்றார், அவ்வளவுதான்.

முதலாளி வீட்டிலிருந்து ஒரு கொழுத்த கடுவன் பூனையைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். திரைச்சீலையைக் கிழிக்கிறது, தொழுகைப் பாயைப் பிறாண்டுகிறது, பேஜார் பண்ணுகிறது என்று புகார். அக்கா அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "இதுக்குக் கெட்ட புத்தி இல்லப்பா. வேலை இல்ல" என்றார். "தட்டுல சோறு வந்துடுது. சும்மா எத்தினி நேரம் தூங்கும்? உன்னைப் பூட்டிப்போட்டா நீகூடப் பாயைக் கிழிப்பே."

அதற்கப்புறம் அதன் கருவாடு தட்டுக்கு வரவில்லை. துண்டு துண்டாக்கிப் பட்டைக் குவியலில் ஒளித்துவைத்தார். தேடித்தான் தின்னவேண்டும். தோல் ஓரத்தை நறுக்கி எறிகிற வாரை ஒரு நூலில் கட்டி, தரையோடு இழுத்தார். நிறுத்தினார், மூட்டைக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்தார், மறுபடி நுனியை மட்டும் காட்டினார். ஒவ்வொரு தடவையும் கடைசியில் பிடிக்க விட்டுவிடுவார். "பிடிபடவே படாதுன்னு தெரிஞ்சா அதுக்கும் மனசு விட்டுப்போவும்" என்பார். குட்டிகளோடு விளையாடும்போதும் வார்தான். கையை விட்டு நான் விளையாடி, முழங்கை வரை கீறலோடு போய் நின்றால், "கையைக் குடுத்தியே, கை விளையாட்டுச் சாமான்னு அதுக்கு யாரு சொல்லிக்குடுத்தது? நீதான்" என்பார்.

இவ்வளவும் பூனைகள் மட்டுமே சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் நான் சிரித்துக்கொண்டே எழுதி முடித்திருப்பேன்.

மேஸ்திரியின் மூத்த தாரத்துக்கு ஒரு பெண் குழந்தை. எஸ்தர். தாய் இறந்ததும் நாட்றம்பள்ளியில் தாய்மாமன் வீட்டில் விட்டிருந்தார்கள். அக்கா வந்தபின் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆறு வயசு இருக்கும். வந்த அன்று கட்டிலுக்கு அடியில் போனது, வெளியே வரவில்லை. மேஸ்திரி கெஞ்சினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து, "வாடி கண்ணு, வாடி ராஜாத்தி" என்று வெல்லத்தை நீட்டினார்கள். அது இன்னும் உள்ளே சுருண்டது.

அக்கா எல்லோரையும் அனுப்பிவிட்டார். கட்டிலுக்கு முதுகைக் காட்டிப் பலகையைப் போட்டு உட்கார்ந்தார்.

சித்தி வந்தால் ஒன்று அடிக்கவேண்டும், இல்லை ஊர் பார்க்கக் கட்டிப்பிடித்து அழவேண்டும். இரண்டும் இல்லையென்றால் தெருவுக்குப் புரிவதில்லை. அக்கா அந்தக் குழந்தையை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சோற்றைக் கிண்ணத்தில் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பார். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் அடுப்பங்கரைக்குப் போய்விடுவார். மறுநாள் கிண்ணம் ஒரு சாண் தள்ளி இருக்கும். அடுத்த வாரம் அறையின் நடுவில். நான் பின்கதவு வழியாக அதைப் பார்ப்பேன். கிண்ணம் மெல்ல மெல்ல அடுப்பை நோக்கி நகர்ந்தது, கூடவே குழந்தையும் நகர்ந்தது. தெருவுக்கு நகர்ந்தது தெரியவில்லை. வைத்த விதம்தான் தெரிந்தது.

"நாய்க்கு வைக்கிற மாதிரி தூர வச்சிட்டுப் போறாடி. மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேங்கிறா" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு நாட்றம்பள்ளிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

தாய்மாமன் வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. தங்கச்சியை நினைத்தால் கண் கலங்குகிற ஆள். அன்றைக்கும் கலங்கியது. மேஸ்திரியிடம் முற்றத்தில் நின்றபடியே சொன்னார்: "கிறிஸ்மஸுக்கு வருவேன் மச்சான். அதுக்குள்ள புள்ளை இங்க ஒட்டியிருந்தா நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஒட்டலன்னா கூட்டிட்டுப் போய்டுவேன். அப்புறம் யாரும் கேக்க வரக்கூடாது."

மேஸ்திரி சுண்ணாம்பு தின்ற தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். தொட்டியில் நூறு பேரை அதட்டுகிறவர், வீட்டில் அவருக்குக் குரலே கிடையாது.

நான் அக்காவிடம், "கிறிஸ்மஸ் வரப்போவுதே, கொஞ்சம் கூப்பிட்டுத்தான் பாருங்களேன்" என்றேன்.

"தேதிய நாம பாக்குறோம். அதுக்குத் தேதி தெரியுமா?" என்றார். ஆனால் அன்றைக்கு அரிசியில் கல்லை விட்டுவிட்டு அரிசியைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மத்தியானம் பின்கதவில் வந்து நின்றார். முகம் ஞாபகம் வருவதில்லை என்றேனே, இந்த ஒரு தரம் வருகிறது. சின்னப் பெண்ணின் முகம்போல இருந்தது.

"இன்னைக்கி இழுத்துச்சிப்பா."

"இன்னா இழுத்துச்சி?"

"வாரை. குட்டிக்கு ஆட்டிக்கினு இருந்தேன், கட்டில் காலைச் சுத்தி. திரும்பல. குட்டி என் மடிமேல ஏறி உக்காந்துட்டுது. வார் அந்தப் பக்கம் இன்னும் இழுபடுது."

"அப்புறம்?"

"விட்டுட்டேன். அதுவே ஜெயிக்கட்டும்னு."

அன்றிலிருந்து கட்டிலடியில் இரண்டு உயிர்கள் ஒரு வாருக்குச் சண்டை போடுகிற சத்தம் கேட்கும். சில சமயம் சிரிப்பும் கேட்கும். பூனை சிரிக்காது என்பது எனக்கே தெரியும். கிறிஸ்மஸ் நெருங்கும்போது எஸ்தர் கட்டிலை விட்டு வெளியே வந்து, சுவரோரமாக உட்கார்ந்து தின்னத் தொடங்கியிருந்தது. அக்காவின் பலகைக்கும் அதற்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருக்கும். அந்தக் கை நீளம் மட்டும் குறையவில்லை.

கிறிஸ்மஸ் அன்று மேஸ்திரி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அக்கா முற்றத்து அடுப்பில் கறிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தார், வழக்கம்போல எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. சுவரோரம் எஸ்தர் புதுப் பாவாடையில். மடியில் குட்டி. அப்போதுதான் மாமன் வந்தார். வாசலிலிருந்தே, "எஸ்தரு! யாரு வந்திருக்கா பாரு!" என்று பெரிய குரலில் கூப்பிட்டார். ஆசையாகத்தான் கூப்பிட்டார். ஊரே ஆசையாகத்தான் கூப்பிட்டது அந்தக் குழந்தையை.

குட்டி துள்ளி ஓடியது. எஸ்தரும் எழுந்தது. கட்டிலடிக்குத்தான் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. முற்றத்தைக் குறுக்கே கடந்து, அக்காவின் பின்னால் போய் நின்றது. ஒரு விநாடி அப்படியே நின்றது. பிறகு நெற்றியை அந்த ஒட்டுப்போட்ட ரவிக்கையின்மேல் வைத்தது.

எனக்கு அக்காவின் சட்டம் ஞாபகம் வந்தது. முதல் தரம்!

அக்கா திரும்பவில்லை. தூக்கிய கரண்டியை அப்படியே பிடித்திருந்தார், குழம்பு சொட்டுச் சொட்டாக நெருப்பில் விழுந்து சீறியது. கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்று பக்கவாட்டிலிருந்து எனக்குத் தெரிந்தது. மாமனுக்குத் தெரிந்தது முதுகு ஒன்றுதான்.

"பாத்தீங்களா மச்சான்?" என்றார் அவர். குரல் உடைந்துவிட்டது. "புள்ளை தானா வந்து ஒட்டிக்கினு நிக்குது. ஒரு தரம் திரும்பிப் பாக்குறாங்களா பாருங்க. என் தங்கச்சி புள்ளை கல்லுல போய் முட்டிக்கினு நிக்குது!"

நான் எழுந்து குறுக்கே போனேன். "கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க. இப்பத்தான் மோந்து பாக்குது. ரெண்டாந்தரம் வரும்போது திரும்புவாங்க" என்றேன்.

என் வாழ்நாளில் நான் சிரிக்காமல் சொன்ன வாக்கியங்கள் கம்மி. அவற்றில் அது ஒன்று. ஆனால் மாமன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பூனையைத் தராசில் கட்டிய குமாஸ்தா கதை நாட்றம்பள்ளி வரைக்கும் போயிருந்தது. நானேதான் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கவைத்திருந்தேன்.

"புள்ளையப் பூனைன்றியா? நாளும் கிழமையுமா கேலியா பண்றே?" என்று என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டு, குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். எஸ்தர் கத்தவில்லை, அவர் தோளைக் கடித்தது. அவர் அதையும் தாங்கிக்கொண்டு நடந்தார்.

குழந்தையின் நெற்றி முதுகை விட்டுப் போனதும்தான் அக்கா திரும்பினார். மேஸ்திரி தடுக்கவில்லை. கொடுத்த வாக்கு என்றார். அக்கா வாசல் வரைக்கும் வந்தார், ஆனால் ஓடி வரவில்லை. ஓடினால் பயந்துவிடும் என்று அப்போதும் நினைத்தாரோ என்னமோ. குதிரை வண்டியின் பின்பக்கம் எஸ்தரின் முகம் தெரிந்தது. அக்கா அதைப் பார்த்து மெதுவாக இமையை மூடினார். மெதுவாகத் திறந்தார். திறந்தபோது வண்டி முக்குத் திரும்பியிருந்தது.

அக்கா நாட்றம்பள்ளிக்குப் போகவேயில்லை. மேஸ்திரி மாதத்துக்கொரு தரம் போய்விட்டு வருவார், சௌக்கியமாக இருக்கிறது என்பார். நீங்களும் போய்ப் பாருங்களேன் என்று நானும் காதர் பாயும் சொல்லிச் சொல்லி அலுத்தோம். "தேடிப் போனா ஒளிஞ்சிக்கும்பா. அதுவா வரட்டும்." சாயந்தரமானால் தெருக்கதவைத் திறந்துவைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிப் பலகையில் உட்கார்ந்திருப்பார். பூனைகள் வரும், மோந்து பார்க்கும், மடியில் ஏறும். வார் கட்டில் காலில் கட்டியபடியே கிடந்தது. அதைப் பூனைகளுக்கு ஆட்டவில்லை, வேறு வாரைத்தான் ஆட்டினார்.

ஒரே ஒரு தரம் கேட்டார். நான் தோலை எண்ணிக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

"நான் அன்னைக்கி திரும்பியிருக்கணுமாப்பா?"

என்னைப் போய்க் கேட்டாரே! "எனக்கின்னா தெரியும்கா? பூனையும் என்கிட்ட வரல, பொண்ணு குடுக்கவும் எவனும் வரல" என்றேன். அந்தப் பக்கம் சிரித்தார். எனக்காகச் சிரித்த சிரிப்பு என்று சத்தத்திலேயே தெரிந்தது. நான் எண்ணிக்கையை மறந்துவிட்டு முதலிலிருந்து எண்ணினேன்.

சில வருஷங்கள் கழித்து ஒரு மழைக்காலத்தில் விஷக்காய்ச்சல் வந்து அக்கா இறந்துபோனார். நாட்றம்பள்ளிக்கு ஆள் அனுப்பினோம். பாலாறு கரைபுரண்டு, வழியெல்லாம் தண்ணீர். அவர்கள் வந்துசேர்ந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. நான் முதலாளி வேலையாக மதராசுக்குப் போயிருந்ததால் எஸ்தரைப் பார்க்கவில்லை. மேஸ்திரியும் வேலையை விட்டுவிட்டு அவர்களோடேயே போய்விட்டார்.

அடக்கம் ஆன மறுநாள், மதராசுக்குக் கிளம்புவதற்கு முன், பூனைகளுக்குக் கருவாடு வைக்கப் போனேன். அக்காவின் பலகை முற்றத்திலேயே கிடந்தது. உட்கார்ந்தேன். பேச யாரும் இல்லாததால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை. கொஞ்சநேரத்தில் முதுகில் சில்லென்று ஒன்று பட்டது. கிழடாகிப்போன தாசில்தார். நான் திரும்பவில்லை. திரும்பினால் என் முகத்தை அது பார்த்துவிடும்.

பிறகு வெகுகாலம் கழித்து, போன வருஷம்தான், ஆம்பூர் ஸ்டேஷனில் சரக்குப் பதிவு செய்யப் போயிருந்தேன். பிளாட்பாரத்துக் கடைசிப் பெஞ்சில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு இளம்பெண், பக்கத்தில் தகரப் பெட்டி. சரக்குக் கொட்டகையின் கீழே ஒரு கறுப்புப் பூனை பதுங்கியிருந்தது. அந்தப் பெண் எழுந்து, பெஞ்சின் மறுபுறம் போய், பூனைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, இட்லித் துண்டு ஒன்றைப் பின்னால் வைத்துவிட்டுத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு முகம் பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

"நீ மேஸ்திரி பொண்ணு எஸ்தர்தானே?"

"சத்தமாப் பேசாதீங்க மாமா. ஓடிடும்" என்றாள். என்னை அடையாளம் தெரிந்திருந்தது. வேலூருக்கு நர்ஸ் படிப்புக்குப் போகிறாளாம். வழியில் இறங்கி, கல்லறைக்குப் போய்விட்டு வந்து, அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கிறாளாம்.

நானும் பூனைக்கு முதுகைக் காட்டி, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று எனக்கே இரண்டு மனசு. வண்டிக்குச் சிக்னல் கைகாட்டி இறங்கிவிட்டது. எனக்கு அவசரம் ஜாஸ்தி என்று அக்கா எப்போதோ சொல்லியிருக்கிறார்.

"உன் சித்தி கடைசிவரைக்கும் அதையே நினைச்சிக்கினு இருந்தாங்கம்மா. அந்தக் கிறிஸ்மஸ் அன்னைக்கி, நீ வந்து நின்னப்ப திரும்பிப் பாத்திருக்கணுமோன்னு. திரும்பிப் பாத்திருந்தா நீ இங்கயே இருந்திருப்பியோன்னு."

எஸ்தர் தண்டவாளத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"திரும்பியிருந்தா ஓடியிருப்பேன்."